96 ஆடுகள்

ஜூலை பிறந்தால் பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் கிராக்கி வந்துவிடும். ரோட்டரி, லயன்ஸ் இரண்டுக்குமே வருஷப் பிறப்பு ஜூலை 1. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ஊர் கல்யாண மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாலும் மாப்பிள்ளை இல்லாத ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். வாசலில் சந்தனம், பன்னீர். மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை. பின்னால் பஃபே. இதற்குப் பெயர் பதவியேற்பு விழா. பழைய தலைவர் கழுத்திலிருந்து பதக்கமும் பட்டையுமான ஒரு மாலையைக் கழற்றிப் புதுத் தலைவர் கழுத்தில் மாட்டுவார். புதியவர் அதை அடுத்த ஜூன் 30 வரை சுமப்பார். அதோடு அவர் கதை முடிந்தது.

இப்படி ஒரு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக என்னையும் ஒரு தடவை கூப்பிட்டிருந்தார்கள். மேற்கு மாவட்டத்தில் ஒரு நடுத்தர ஊர். சங்கத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த ஒரு சங்கத்தின் குறை அல்ல.

விழா சாயங்காலம் ஆறரைக்கு. "மத்தியானமே வந்துருங்க சார். எங்க ப்ராஜெக்ட் ஒண்ணு திறப்பு விழா இருக்குது. பாத்துட்டு அப்படியே மண்டபத்துக்குப் போயிரலாம்" என்றார் செயலாளர். போனோம். ஊரைத் தாண்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ப்ராஜெக்ட் என்பது குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம். பளபளவென்று ஸ்டீல் பெட்டி, நாலு குழாய், மேலே சங்கத்தின் சின்னம், தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள். ரிப்பன் வெட்டினார்கள். ஒரு சிறுமியை நிற்க வைத்து டம்ளரைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். ஃபோட்டோகிராபர் "இன்னொரு தடவை குடி பாப்பா" என்றார். குடித்தது.

அவர்கள் குரூப் ஃபோட்டோவுக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தபோது நான் பள்ளியின் பின்பக்கம் போனேன். அங்கே மூன்று கழிப்பறைக் கட்டடங்கள். மூன்றிலும் மூன்று கல்வெட்டு. மூன்று சங்கங்கள், மூன்று வெவ்வேறு வருஷங்கள். அதில் ஒன்று என்னை அழைத்துப்போன அதே சங்கம் நாலு வருஷம் முன்னால் கட்டியது. ஒன்றில் கதவு இல்லை. ஒன்றில் பழைய பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். மூன்றாவது நன்றாக இருந்தது. பூட்டியிருந்தது. சாவி ஆசிரியைகளிடம்.

தலைமை ஆசிரியை பின்னாலேயே வந்துவிட்டார். சங்கடத்தோடு சொன்னார்: "மோட்டார் போயிருச்சுங்க சார். தண்ணி ஏறலைன்னா புள்ளைங்க எப்படிப் போகும்? கல்வெட்டுல இருந்த தலைவருக்குப் போன் பண்ணினேன். அவரு இப்பத் தலைவர் இல்லீங்களாம்."

டம்ளரோடு ஃபோட்டோவுக்கு நின்ற சிறுமி எட்டாம் வகுப்பு. "தண்ணி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். தலைமை ஆசிரியையை ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது: "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நாங்க ஸ்கூல்ல தண்ணி குடிக்க மாட்டமுங்க. குடிச்சா வீட்டுக்குப் போறவரைக்கும் அடக்கோணும்."

பாத்ரூம் இல்லாததால் தண்ணீர் குடிக்காத பெண்களுக்குச் சுத்தமான தண்ணீர். இந்த ஒரு காட்சிதான் இந்தக் கட்டுரை.

*

சேவைச் சங்கங்களைக் கிண்டல் செய்வது சுலபம். நாமெல்லாம் செய்திருக்கிறோம். ஒரு தையல் மெஷின், அதன்மேல் பதினோரு கை. நாலு வாழைப்பழத்தை நோயாளி ஒருவருக்குக் கொடுக்க ஏழு பேர். பெயருக்கு முன்னால் 'அரிமா', பின்னால் ஆங்கில எழுத்து மாலை. 1000 டாலர் நன்கொடை தந்தால் ரோட்டரியில் 'பால் ஹாரிஸ் ஃபெலோ', லயன்ஸில் 'மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ'. ரோட்டரிக்காரரின் மனைவிக்கு இயற்பெயர் எதுவாக இருந்தாலும் 'ஆன்'. பிள்ளைகள் 'ஆனெட்'. பொள்ளாச்சியில் பிறந்து வளர்ந்த பழனியம்மாளும் மேடையில் 'ஆன் பழனியம்மாள்' ஆகிவிடுவார்.

இதெல்லாம் தமாஷ். குற்றம் இல்லை. மனிதர்களுக்கு மாலையும் மேடையும் பிடிக்கும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வர முடியாத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதும் ஊர் நம் ஊர். இதில் சிகாகோக்காரனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

சிகாகோ என்றதும் ஒரு விஷயம். ரோட்டரி அங்கேதான் 1905 பிப்ரவரி 23ஆம் தேதி பிறந்தது. பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் மூன்று நண்பர்களும். பெரிய நகரத்தில் தனியாக இருக்கிறோமே, வியாபாரம் செய்கிறவர்கள் நட்பாகச் சந்தித்துக்கொள்ளலாமே என்ற எண்ணம்தான் ஆரம்பம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் ஆபீஸில் சுழற்சி முறையில் சந்தித்ததால் ரோட்டரி. தமிழில் சுழற்சங்கம் என்பார்கள். சேவை பிறகுதான் வந்தது. அவர்கள் ஊருக்காகச் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பணக்கார ஊரில் பணக்கார வியாபாரிகள் கூடி, ஊருக்கு முதலில் என்ன வேண்டும் என்று யோசித்து, கழிப்பறை என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு ஒரு சலாம். அவர்கள் வாரிசுகள்தான் அந்தப் பள்ளியில் மூன்று கழிப்பறை கட்டினார்கள். எண்ணம் சரி. செலவும் சரி. அப்புறம் எங்கே கோளாறு?

*

விளம்பரம்தான் கோளாறு என்பார்கள். இடது கை கொடுப்பது வலது கைக்குத் தெரியக் கூடாதாம். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். ஆயிரம் வருஷ வழக்கம். ஆனால் அந்தக் கல்வெட்டில் வேறு என்ன எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும்.

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைப்பார்கள். இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு. வைத்தவர் பெயர் கல்வெட்டில் ஜம்மென்று இருக்கும், பட்டங்களோடு. ஆனால் விளக்கு வைத்தேன் என்பதோடு நிறுத்த மாட்டார்கள். விளக்கு எரிய தினம் ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்கு 96 ஆடுகள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. எந்த இடையரிடம் அவை ஒப்படைக்கப்பட்டன, அவருக்கு ஜாமீன் யார் என்பதுவரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆடுகளுக்கு ஒரு பெயர் உண்டு. 'சாவா மூவாப் பேராடு.' சாகாத, கிழடாகாத ஆடு. ஆடு சாகாமல் இருக்குமா? ஒன்று செத்தால் மந்தையில் பிறக்கும் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை குறையாது. அதனால் நெய் குறையாது. அதனால் விளக்கு அணையாது.

அதாவது சோழ நாட்டு தனவந்தருக்கு ஒன்று தெரிந்திருந்தது. விளக்கு வைப்பது ஒரு நாள் வேலை, நெய் ஊற்றுவது தினசரி வேலை. முதல் வேலைக்குப் பெயர் கிடைக்கும், இரண்டாவதற்குக் கிடைக்காது. ஆகவே இரண்டையும் ஒரே கல்லில் வெட்டிவிட்டார்.

நம் சேவைச் சங்கங்களின் கல்வெட்டில் பெயர் இருக்கிறது. ஆடு இல்லை. கோளாறு அங்கேதான்.

*

ஏன் இல்லை என்பதற்குக் காரணம் அந்த ஜூலை 1. ஒரு வருஷத் தலைவர் என்பது ஒரு விதத்தில் அருமையான ஏற்பாடு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் உட்கார முடியாது. நம் அரசியல் கட்சிகளில் இந்த விதி இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்து ஆனந்தப்படலாம். ஆனால் அதே விதிதான் எமனும். புதுத் தலைவருக்குக் கையில் 12 மாதம். அதற்குள் தன் பெயரில் ஒன்று நிற்க வேண்டும். போன வருஷத் தலைவர் கட்டியதன் மோட்டாரைச் சரி செய்தால் யாருக்குப் பெயர்? போன வருஷத் தலைவருக்கு. அதனால் நாலு கழிப்பறை உள்ள இடத்தில் ஐந்தாவது வரும். பழைய நிழற்குடைக்கு எதிரிலேயே புது நிழற்குடை முளைக்கும்.

எங்கள் பேட்டையில் அப்படி ஒரு நிழற்குடை உண்டு. பஸ் ஸ்டாப்பை நூறு அடி தள்ளி மாற்றி வருஷக்கணக்காகிறது. நிழற்குடை பழைய இடத்திலேயே நிற்கிறது. பஸ் வராத நிழற்குடை. தலைவர் பெயர் மட்டும் வெயிலில் காய்கிறது. ஜனங்கள் நூறு அடி தள்ளி, பெயரில்லாத ஒரு வேப்ப மரத்தடியில் நிற்கிறார்கள்.

மருத்துவ முகாம்களிலும் இதே கதை. ஞாயிற்றுக்கிழமை முகாமில் 300 பேருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். 'இத்தனை பேர் பயனடைந்தனர்' என்று திங்கள்கிழமை பேப்பரில் வரும். அழுத்தம் அதிகம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்த கிழவி என்ன பயன் அடைந்தாள்? பிளட் பிரஷர் என்பது ஒரு நாள் வியாதி அல்ல. தினம் மாத்திரை, மாதா மாதம் பரிசோதனை. அது இல்லாமல் முகாம் நடத்துவது, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகிற விருந்தாளி மாதிரி.

*

இந்தச் சங்கங்களால் முடியாதா? முடியும். முடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆடு கட்டிவிட்டுச் செய்த இடங்களில் எல்லாம் பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள்.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டரி 1985இல் போலியோ பிளஸ் திட்டத்தை அறிவித்தது. 1988இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் ஆகியவற்றுடன் சேர்ந்து உலக அளவில் ஒழிப்பு இயக்கமானது. அப்போது உலகத்தில் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நம் நாட்டில் 1995இல் பல்ஸ் போலியோ ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் மஞ்சள் பேனர், ஐஸ் பெட்டி, இரண்டு சொட்டு, சுண்டு விரலில் மை. உங்களில் பலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பீர்கள். சிலர் அந்தக் குழந்தையாகவே இருந்திருப்பீர்கள்.

ஒரு நாடு தழுவிய சொட்டு மருந்து நாளில் சுமார் 17 கோடிக் குழந்தைகள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள். அப்படியும் 2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. உலக எண்ணிக்கையில் கிட்டத்தட்ட பாதி. 'இந்தியாவில் மட்டும் இது ஒழியாது' என்று நிபுணர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த வருஷம் 42. அதற்கு அடுத்த வருஷம் ஒன்றே ஒன்று, 2011 ஜனவரி 13, மேற்கு வங்காளத்தில் ஹௌரா பகுதியில் ஒரு பெண் குழந்தை. அதோடு சரி. 2014 மார்ச் 27இல் தென்கிழக்கு ஆசியப் பகுதியோடு சேர்த்து இந்தியாவுக்கும் போலியோ இல்லை என்ற சான்றிதழ் வந்தது.

முழுப் புகழும் ரோட்டரிக்கு என்று சொன்னால் அது பொய். வெயிலில் வீடு வீடாக ஐஸ் பெட்டியைச் சுமந்தவர்கள் அரசின் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பெண்களும்தான். செங்கல் சூளைகளில் வேலை செய்யும் வெளியூர்க் குடும்பங்களின் குழந்தைகளைத் தேடிப் போய் மருந்து கொடுத்ததும் அவர்கள்தான். பணத்திலும் இந்திய அரசின் பங்கு பெரிது. ஆனால் ரோட்டரி உலகம் முழுக்க 200 கோடி டாலருக்கு மேல் தந்தது. பேனர் கட்டியது, மந்திரிகளை விடாமல் நச்சரித்தது, உத்தரப் பிரதேசத்தில் சந்தேகப்பட்ட மக்களிடம் அவர்கள் மதிக்கும் முஸ்லிம் மதப் பெரியவர்களையே அழைத்துப்போய்ப் பேச வைத்தது. இதையெல்லாம்விடப் பெரிய காரியம், 1985இலிருந்து எத்தனையோ தலைவர்கள் வந்து போயும் யாரும் 'என் வருஷத்தில் போலியோ வேண்டாம், நான் வேறொன்று புதுசாகச் செய்கிறேன்' என்று சொல்லவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் போலியோ இன்னும் ஒழியவில்லை. ரோட்டரியும் இன்னும் விடவில்லை. 40 வருஷமாக ஒரே விளக்குக்கு நெய்.

இரண்டாவது உதாரணம் மதுரையில். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் அரசுப் பணி ஓய்வுக்குப் பிறகு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அது உலகப் புகழ் பெற்ற கதை. அதில் நம் சங்கங்களுக்கு ஒரு நல்ல வேஷம் இருக்கிறது. கண் சிகிச்சை முகாம் என்றால் வேலைப் பங்கீடு தெளிவு. ஊரில் உள்ள லயன்ஸோ ரோட்டரியோ வேறு அமைப்போ பள்ளிக்கூடத்தைப் பிடிக்க வேண்டும், ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்க வேண்டும், நோட்டீஸ் அடிக்க வேண்டும். டாக்டர்களும் கருவிகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும். கண்புரை உள்ளவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போய் இலவசமாக ஆபரேஷன் செய்து, லென்ஸ் வைத்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சில வாரம் கழித்து மறு பரிசோதனையும் உண்டு.

இதில் சங்கத்துக்கு எது நன்றாக வருமோ அது மட்டும் சங்கத்திடம். கூட்டம் சேர்ப்பது, மைக் பிடிப்பது, நாலு பேரிடம் வசூல் செய்வது. இதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தொடர்ச்சி ஆஸ்பத்திரியிடம். தலைவர் மாறினாலும் முகாம் மாறாது. கிழவிக்குக் கிடைப்பது சீட்டு அல்ல, பார்வை. 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்குப் போய், பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் மதுரைப் பக்கத்துக் கிராமம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. லயன்ஸ் உதவியோடு 1992இல் அரவிந்தில் ஒரு பயிற்சி நிறுவனமே வந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்த முறையைக் கற்றுக்கொள்ள மதுரைக்கு வருகிறார்கள்.

மூன்றாவது உதாரணம் கொஞ்சம் அசுபமானது. மேற்கு மாவட்டங்களில் சில ஊர்களில் எரிவாயு தகன மேடையை ரோட்டரிக்காரர்கள் அறக்கட்டளை வைத்து நடத்துகிறார்கள். ஊர் வாயில் அது 'மின்மயானம்'. நகராட்சி இடம் தரும், இவர்கள் நிர்வாகம். தனி அறக்கட்டளை என்பதால் ஜூலை 1 அதைத் தொடுவதில்லை. அப்படி ஒன்றுக்கு நண்பரின் தகப்பனார் காரியமாகப் போயிருந்தேன். கூட்டிப் பெருக்கிய தரை, தண்ணீர், செடிகள், கட்டணப் பலகை. பணம் பிடுங்கல் இல்லை. சாராய நெடி இல்லை. அழுகிறவர்கள் நிம்மதியாக அழ முடிந்தது. ஒரு விஷயம் கவனித்தேன். அங்கே யாரும் ஃபோட்டோ எடுத்துக்கொள்வதில்லை. பயனாளியோடு நின்று சிரிக்க முடியாத ஒரே ப்ராஜெக்ட் அது. வருஷம் முழுக்க ஒழுங்காக நடப்பதும் அதுதான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

*

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கொடுப்பவர்கள் வாங்குபவர்களைக் கேட்பதில்லை. சங்கத்தில் இருப்பவர்கள் டாக்டர், ஆடிட்டர், மில் முதலாளி, ஜவுளிக்கடைக்காரர். வாங்குபவர்கள் மேடைக்குக் கீழே வரிசையில் நிற்பவர்கள். துப்புரவுத் தொழிலாளிக்கு வருஷத்தில் ஒரு நாள் சேலை உண்டு. சங்கக் கூட்டத்தில் ஒரு நாற்காலி கிடையாது.

பெண்களுக்கே ரொம்ப நாள் நாற்காலி இல்லை. கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூரின் ரோட்டரி சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. தலைமை அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1987இல்தான் பெண்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. லயன்ஸும் அதே வருஷம்தான் கதவைத் திறந்தது. நம் ஊரில் இன்றைக்குப் பெண் தலைவர்களும் உண்டு. ஆனாலும் பல ஊர்க் கூட்டங்களில் பெண்கள் 'ஆன்' வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பள்ளிக் கழிப்பறையைக் கட்டுமுன் ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? டைல்ஸ் எந்தக் கலர் என்றா கேட்பாள்? தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா, தண்ணீர் வருமா, நாப்கின் போட மூடி போட்ட கூடை உண்டா, யார் கழுவுவார்கள் என்றுதான் கேட்பாள். நாலு கேள்வி. நாலும் கட்டுவதைப் பற்றி அல்ல, நடத்துவதைப் பற்றி.

இது சங்கங்களின் மேலிடத்துக்குத் தெரியாத விஷயமும் அல்ல. ரோட்டரி அறக்கட்டளை 30,000 டாலருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு 'குளோபல் கிராண்ட்' தரும்போது, மக்களிடம் தேவையைக் கேட்டீர்களா, பணம் தீர்ந்த பிறகும் திட்டம் எப்படி நடக்கும் என்று எழுதிக் கேட்கிறது. நல்ல விதி. நம் ஊரில் சிக்கல், சங்கம் சொந்தப் பணத்தில் செய்யும் சின்ன வேலைகளில்தான். அங்கே யாரும் கேட்பதில்லை.

*

சரி, இந்தக் காலத்து ஆடு எது? ரொம்ப சுலபம். வங்கியில் வைப்பு நிதி.

ஒரு கழிப்பறைக்கு 5 லட்சம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்ட 10 லட்சம் வைத்திருக்கிறீர்கள். ஒன்று கட்டுங்கள். மீதி 5 லட்சத்தைப் பள்ளியும் சங்கமும் சேர்ந்து டெபாசிட் போடுங்கள். 7 சதவிகித வட்டி என்றால் வருஷம் 35,000, மாதம் 2,900 சொச்சம். தினம் ஒரு மணி நேரம் வந்து கழுவிவிட்டுப் போக ஒரு ஆள், ஃபினாயில், மோட்டார் ரிப்பேர். சமாளிக்கலாம். விலைவாசி ஏற ஏற இந்த ஆடு கொஞ்சம் மெலியும்தான். அப்போது ஒரு தலைவர் இன்னொரு குட்டியை மந்தையில் சேர்க்க வேண்டும். மேலிடத்து கிராண்ட் பணத்தை இப்படி வட்டிக்குப் போட விதி இடம் தராது. உள்ளூர் வசூலில்தான் செய்ய வேண்டும். வசூல்தான் நமக்குக் கைவந்த கலையாயிற்றே.

கல்வெட்டில் பெயர் தாராளமாகப் போடுங்கள். கூட இரண்டு வரி சேருங்கள். பழுதானால் யாரைக் கூப்பிடுவது, ஆள் மாறினாலும் மாறாத ஒரு நம்பர். கடைசியாக வந்து பார்த்த தேதி. அந்தத் தேதியைச் சாக்பீஸில் எழுதினால் போதும். ஆறு மாதம் பழசானால் ஊரே படித்துச் சிரிக்கட்டும்.

புதுத் தலைவர் மாலை போட்டுக்கொள்ளும்போது உறுதிமொழி எடுக்கிறார் அல்லவா, அதில் ஒரு வாக்கியம் கூட்டட்டும். 'எனக்கு முன்னால் இருந்தவர்கள் கட்டியதில் ஒன்றையாவது ஓட வைத்த பிறகே நான் புதிதாக ஒன்று கட்டுவேன்.'

*

அன்று சாயங்காலம் மேடையில் இதைத்தான் பேசினேன். 96 ஆடு கதைக்குக் கை தட்டினார்கள். பூட்டிய கழிப்பறையையும் அந்தப் பெண் சொன்னதையும் சொன்னபோது தட்டவில்லை. முன் வரிசையில் 'ஆன்'கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரத்தில் சங்கத்தின் பெயர் எண்களைவிடப் பெரிதாக இருந்தது.

சாப்பாட்டின்போது புதுத் தலைவர் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்தில் மாலை இன்னும் கழற்றவில்லை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. கொஞ்ச நேரம் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க சார், அந்த மோட்டாரை நான் மாத்திப் போட்டர்றேன். கழுவறதுக்கு ஒரு ஆளும் போட்டர்றேன். ஆனா பழசை ரிப்பேர் பண்ணினேன்னா எந்தப் பேப்பர்ல சார் போடுவாங்க?"

கேலி இல்லை, நிஜமான கேள்வி. யோசித்துப் பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் அவர் மட்டும் இல்லை. ரிப்பன் வெட்டினால் படம் போடுகிறோம். ஓடாத மோட்டார் ஓடினால் அது செய்தி இல்லை என்று எங்களுக்குள் யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

"நீங்க செய்யுங்க, நான் எழுதறேன்" என்றேன்.

என் பாதியை எழுதிவிட்டேன்.